பக்கத்து சீட்டுக்காரர் காட்டிக்கொடுத்த நடிப்பு

ஒரு படத்தில் யார் நன்றாக நடித்தார்கள் என்பதை நீங்களாகவே கண்டுபிடித்தீர்களா, இல்லை கூட வந்தவர் சொல்லித்தான் தெரிந்ததா? எனக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் வாருங்கள்.

2024 செப்டம்பர் கடைசியில் ‘மெய்யழகன்’ வந்தபோது பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தியேட்டர் பக்கம் வந்தே பல வருஷம் ஆகிறது. நான் கார்த்திக்காகப் போனவன், அதனால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓயாத பேச்சு, ஓயாத பாசம். இந்த மனுஷன் கொஞ்சம் மூச்சு விடக்கூடாதா என்று நெளிய ஆரம்பித்துவிட்டேன். பெரியப்பா அசையவே இல்லை. இடைவேளையில் டீயை ஆற்றிக்கொண்டே, “அரவிந்த் சாமி என்னமா முழிக்கிறான் பாத்தியாடா?” என்றார்.

“முழிக்கிறதெல்லாம் ஒரு நடிப்பா பெரியப்பா?”

“கல்யாண வீட்ல ஒருத்தன் கையப் பிடிச்சுக்கிட்டு ‘என்னைத் தெரியுதா’ம்பான். பேரு ஞாபகத்துக்கே வராது. கேக்கவும் முடியாது. ‘தெரியாமலா’ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சு வெப்போம் பாரு, அந்தத் திருட்டுச் சிரிப்பு அவன் மூஞ்சில அப்படியே இருக்கு. எனக்கு வயித்தக் கலக்குது.”

அதற்கப்புறம் நான் கார்த்தியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவர் பேசும்போது எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்தேன். வேறு படம் தெரிந்தது. ‘அத்தான் அத்தான்’ என்று ஒருவன் உருகுகிறான். அவன் பெயர்கூடத் தெரியாமல் அந்த அன்பை வாங்கிக்கொள்கிற கூச்சம் கண்ணில், தோளில், சாப்பிடும் கையில். முதல் பாதியில் மேடையேறித் தங்கச்சிக்கு நகை போட்டுவிடும் காட்சியைக்கூட நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அதற்காக மறுபடி போனேன். அதற்குள் சுமார் 18 நிமிஷத்தை வெட்டியிருந்தார்கள். நீளம் என்று முதலில் புலம்பியவன் நான்தான். வெட்டினது எனக்கே பிடிக்கவில்லை. படம் வேகமாகப் போனது, அந்தக் கூச்சம் ஊறுவதற்கு நேரம் கிடைக்கவில்லை.

* * *

எனக்குக் காட்டிக்கொடுத்தது வீட்டுக்காரி. படம் ‘லப்பர் பந்து’.

நான் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற ஆள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, முட்டியும் சொன்னபடி கேட்பதில்லை. டீம் பசங்களோடு ஒரு முறை பார்த்துவிட்டு வந்து, தினேஷ் மாதிரி நடிக்க ஆள் இல்லை என்று வாட்ஸ்அப்பில் எல்லாரையும் படுத்தி எடுத்தேன். அவர் நடித்த கெத்து மட்டையோடு நடந்து வர, விஜயகாந்தின் ‘பொன்மனச் செல்வன்’ படப் பாட்டு ஒலிக்க, தியேட்டரே எழுந்து நின்றது. விஜயகாந்த் மறைந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். பாதிப் பேர் கத்தியது கெத்துக்கா கேப்டனுக்கா என்று இன்னமும் எனக்குத் தெரியாது.

இரண்டாவது முறை அவளோடு போனேன். கெத்தின் மனைவியாக வரும் ஸ்வாசிகா டிராக்டரை ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கியதும் பக்கத்தில் ஒரு கைதட்டல். திரும்பிப் பார்த்தால் என் சம்சாரம்! பதினாறு வருஷத்தில் அவள் தியேட்டரில் கைதட்டி நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைத் திறக்கும்போது மட்டும், “அந்தப் பொண்ணு சண்ட போடும்போதுகூட அவன் மேல ஆசையாத்தான் இருக்கா, உங்களுக்குத் தெரிஞ்சுதா?” என்று கேட்டாள். தெரியவில்லை என்பதுதான் நிஜம். கோபமும் பிரியமும் ஒரே பார்வையில் இருக்கிறது. நான் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இன்னொரு நாயகன் ஹரிஷ் கல்யாணின் வயதை ஒட்டிய நடிகை அவருக்கு மாமியாராக நடிக்கிறார், அதையும் நான் படம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் யோசித்தேன். அந்த அளவுக்கு நம்ப வைத்துவிட்டார்.

மட்டை இப்போது பரண் மேல். தற்காலிகமாகத்தான்.

* * *

‘கொட்டுக்காளி’. காலைக் காட்சி, எண்ணிப் பார்த்ததில் பதினோரு பேர். பின்னணி இசையே கிடையாது என்பதால் ஏசி சத்தம், யாரோ சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிற சத்தம் எல்லாம் படத்தோடு சேர்ந்து கேட்டது. எனக்குப் பின்னால் இரண்டு அம்மாக்கள். சூரி படம், சிரிப்பாக இருக்கும் என்று வந்தவர்கள் போலிருக்கிறது. தொண்டையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கரகரத்த குரலில் அவர் முதல்முறை பேசினதும் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன். அவருடைய பரோட்டா காமெடி நம் மண்டையில் அப்படி உட்கார்ந்திருக்கிறது. ‘விடுதலை’ பார்த்த பிறகும் முழுசாகப் போகவில்லை.

வாயே திறக்காத அன்னா பென்னைக் குடும்பமே ஆட்டோவில் சாமியாரிடம் கூட்டிப்போகிற கதை. நடுவழியில் சூரியின் பாண்டி கை நீட்ட ஆரம்பிக்கிற இடத்தில் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு அம்மா மெதுவாக, “இந்தப் புள்ள ஏன் வாயே தொறக்க மாட்டேங்குது?” என்றார். இன்னொருவர், “தொறந்துட்டாலும்...” என்று இழுத்ததோடு சரி. அன்னா பென் அந்தப் படத்தில் என்ன செய்திருக்கிறார் என்று நான் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். அந்த இழுவைக்குப் பக்கத்தில் எதுவும் நிற்கவில்லை. ஆட்டோவில் சேவலும் அவளும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு: நான் அந்தப் பதினோரு பேரில் ஒருவன் இல்லை, ஆனால் இருந்திருந்தால் பாதியில் எழுந்து போயிருப்பேன். வண்டி போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. மாடு வழியை மறித்து நிற்கும்போது நானும் இறங்கி நடந்திருப்பேன். (அதை ஓட்டிக்கொண்டு போக வருகிற அந்தச் சின்னப் பாப்பா மட்டும் பிரமாதம், ஒத்துக்கொள்கிறேன்.) அதே நாளில் வெளியான ‘வாழை’யைப் பார்த்துவிட்டு அழுதவன் நான். கல்நெஞ்சக்காரன் என்று திட்டாதீர்கள்.

சூரி பற்றிச் சொன்னது சரி. அதுவே எனக்கு ‘மகாராஜா’வில் நடந்தது. விஜய் சேதுபதிக்கு 50வது படம், எல்லார் கண்ணும் அவர் மேல். சிங்கம்புலி வந்தாலே என் தம்பி சிரிப்பான். அஜித்தை வைத்து ‘ரெட்’, சூர்யாவை வைத்து ‘மாயாவி’ எல்லாம் இயக்கியவர் என்று சொன்னாலும் நம்பமாட்டான், காமெடியனாகத்தான் தெரியும். அன்றைக்கும் முதல் பாதியில் சிரித்தான். கடைசியில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, நான் சிரிச்சேன்ல?” என்றான். குற்றவாளி மாதிரி கேட்டான். இன்னும் பார்க்காதவர்களுக்காக இதற்கு மேல் சொல்லவில்லை.

* * *

நான் யாழ்ப்பாணத்தில வடமராட்சிப் பக்கம். இப்ப இருக்கிறது வெளிநாட்டில. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்குப் போனனான். படம் தொடங்கின உடனயே நான் பேச்சில பிழை பிடிக்கத் தொடங்கிட்டன். சசிகுமார் ‘ஓம்’ எண்டு சொல்லேக்க ‘ஆமா’ எண்ட நினைப்போட சொல்லுற மாதிரித்தான் எனக்குக் கேட்டுது. சிம்ரனும் அப்பிடித்தான். அம்மா “சும்மா இரு” எண்டு கையில தட்டினா.

கதையில அவையள் இலங்கையில இருந்து களவா சென்னைக்கு வந்த குடும்பம். தங்கட பேச்சை வெளியில காட்டக்கூடாது, கேரளா எண்டு சொல்லோணும். பிள்ளையள் வாய் தவறிக் கதைச்சிடுங்களோ எண்டு தாய் பாக்கிற பார்வை ஒண்டு வருகுது. அந்த இடத்தில அம்மா அழுதா. சனம் எல்லாம் சிரிக்கிற காட்சி அது. கடைசி மகனா வாற பெடியன் அப்பிடிச் சிரிக்க வைக்கிறான்.

வெளியில வந்து கேட்டன். 90களில சென்னையில வாடகைக்கு வீடு பாக்கப் போகேக்க, எங்களை வாசலில நிப்பாட்டி “ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது” எண்டு சொல்லிப்போட்டுத்தான் அம்மா உள்ள போறவவாம். எனக்கு அது ஞாபகமே இல்லை. அப்ப ஐஞ்சு வயசு.

“பேச்சு எங்கடை மாதிரி இல்லைத்தான். பயம் எங்கடைதான்” எண்டா. நான் மொழிநடையைப் பற்றி ஒரு நீட்டுக் கட்டுரை எழுதி வைச்சிருந்தன். அதை இன்னும் ஒருத்தருக்கும் காட்டேல்லை.

* * *

தொடங்கியவனே மறுபடி வருகிறேன். வடமராட்சி அண்ணா, அந்தக் கட்டுரையையும் போடுங்கள். பேச்சு சரியில்லை என்பதும் உண்மைதானே, அம்மா அழுததால் அது சரியாகிவிடாது.

பெரியப்பா கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ‘பைசன்’ வந்தபோது அவரே போன் பண்ணி டிக்கெட் போடச் சொன்னார். துருவ் உழைத்திருக்கிற உழைப்பைப் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். கபடியில் அந்த உடம்பு ஏமாற்றவில்லை. பெரியப்பா வழக்கம்போல வேறு எங்கோ இருந்தார். மகன் விளையாடப் போனால் என்ன ஆகுமோ என்று பதறும் அப்பாவாகப் பசுபதி வருகிற ஒவ்வொரு காட்சியிலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

இடைவேளையில் கேட்டேன், “எப்படி பெரியப்பா?”

“பேசாத. டீ வாங்கிட்டு வா” என்றார்.