மறு: ‘இனவேடம்’ – பழைய கோதிக் திகில் படங்களுக்கு ஒரு கலைச்சொல்

வணக்கம். ஓர் இனத்து நடிகர் வேறோர் இனத்தவராக வேடம் கட்டுவதை (ஆங்கிலத்தில் yellowface, blackface என்பவை இதன் வகைகள்) ‘இனவேடம்’ என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘மஞ்சள் முகம்’, ‘கறுப்பு முகம்’ என்றே சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. மஞ்சள் முகம் என்றால் நம் ஆட்களுக்கு மஞ்சள் பூசிக் குளித்து வந்த முகம்தான் தோன்றும், மங்கலச் சொல்லாகிவிடும். முகம் கறுத்தது என்றால் கோபம். வெள்ளைக்கார நடிகர் சீனராக வேடம் கட்டியதை இரண்டுமே சொல்லவில்லை.

நிறத்தை வைத்துச் சொல் ஆக்கினால் இன்னொரு சிக்கல். நோபிள் ஜான்சன் என்ற கறுப்பின நடிகரைப் பாருங்கள். 1916-இல் கறுப்பினத்தாரே நடத்திய லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1932-இல் ‘தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்’ படத்தில் அவருக்கு வெள்ளைப் பூச்சு பூசி, இவான் என்ற ரஷ்யக் கொசாக்காக (குதிரைப்படைக்குப் பேர்போன கூட்டத்தவர்) நிற்க வைத்தார்கள். இதற்கு எந்த நிறத்தைப் போடுவது?

> ‘இன ஒப்பனை’ போதாதா?

நானும் முதலில் அதைத்தான் குறித்து வைத்திருந்தேன். அதே 1932-இல் வந்த ‘தி மம்மி’யை மறுபடி பார்த்ததும் அடித்துவிட்டேன். தொடக்கத்தில் ஆங்கிலேய நடிகர் போரிஸ் கார்லாஃப் துணி சுற்றிய பிணமாக வருகிறார். ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் சுமார் எட்டு மணி நேரம் உட்கார்ந்து போட்ட ஒப்பனை அது. திரையில் சில நிமிடங்கள்தான். அப்புறம் படம் முழுக்கத் தலையில் ஃபெஸ் என்ற குஞ்சம் வைத்த தொப்பியோடு அர்தத் பே என்ற எகிப்தியராக உலவுகிறார். முதலாவது ஒப்பனை; இரண்டாவது, பூச்சு எவ்வளவு இருந்தாலும், இனவேடம். தொப்பி, நடை, பேச்சு எல்லாம் சேர்ந்தது. அவருக்கு ஏவல் செய்யும் நூபியராக (எகிப்துக்குத் தெற்கே நைல் கரையில் வாழும் கறுப்பினத்தவர்) வருபவர் மறுபடியும் நோபிள் ஜான்சன். பெயர்ப் பட்டியலில் அந்தப் பாத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, ‘நூபியர்’ அவ்வளவுதான்.

‘ஆளே கிடைக்கவில்லை, அதனால்தான் வேடம்’ என்ற சமாதானத்தை நான் ஏற்க மாட்டேன். ஃபூ மான்சூ என்ற சீன வில்லனின் கதைகளில், 1931-இல் மகளாக நடித்தவர் சீன அமெரிக்கரான அன்னா மே வாங். அப்பா ஃபூ மான்சூவாக வந்தவர் ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட். மறு ஆண்டு வேறொரு நிறுவனம் எடுத்தபோது அப்பா கார்லாஃப், மகள் மிர்னா லாய், இருவருமே வெள்ளைக்காரர்கள். 1965-இல் மகளாகச் சீன நடிகை சாய் சின் நடித்தார். அப்பா ஆங்கிலேயரான கிறிஸ்டோஃபர் லீ. இரண்டு முறை மகளுக்கு ஆள் கிடைத்திருக்கிறது. கதைகளுக்கே பெயர் தந்த பாத்திரத்துக்கு மட்டும்தான் கிடைக்கவில்லையாம்!

‘இனத்திருட்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கோபம் நியாயம்தான், ஆனால் கலைச்சொல்லிலேயே தீர்ப்பை எழுதிவிட்டால் ஜான்சனின் கொசாக் வேடத்தை எங்கே வைப்பது? அவர் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லையே. ‘பெண்வேடம்’ நம் கூத்திலும் நாடகத்திலும் பழகிய சொல். அதே அச்சில் ‘இனவேடம்’ வார்த்தால் விளக்கம் இல்லாமலே புரிகிறது. இனம் என்பது சாதியையும் குறிக்குமே என்றால், குறிக்கட்டும், அங்கும் பயன்படும்.

வினை: இனவேடமிடு, இனவேடம் கட்டு. ஆளைச் சொல்லும்போது மட்டும் கவனம். ‘இனவேடதாரி’ என்று எழுதினால் திட்டுவதுபோல் ஆகிவிடும், வேடதாரிக்கு அந்த வாடை உண்டு. ‘இனவேடமிட்டவர்’ என்றே அகராதி வரைவில் போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.