பிளகின் அப்டேட்டுக்குப் பிறகு தளம் திறக்கவில்லை, ஆர்டரில் உள்ள பெயர்களை எடுக்க வழி உண்டா?

கோரைவீடு:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பத்தமடை. உம்மாவும் சின்னம்மாவும் பாய் நெய்கிறார்கள், விற்பனைத் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தளம் ஓடுவது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில், அதன் மேல் கடை நடத்த வூகாமர்ஸ். கல்யாணப் பாயில் நெய்ய வேண்டிய பெயர்களையும் தேதியையும் ஆர்டரிலேயே வாங்குவதற்குக் காசு கொடுத்து வாங்கிய பிளகின் (தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்று. எல்லாம் சேர்த்து 14 பிளகின்கள்.

நேற்று இரவு 11 அப்டேட்கள் காத்திருந்தன. எல்லாவற்றையும் டிக் செய்து ஒன்றாக ஓடவிட்டேன். பாதியில் கரண்ட் போய் வைஃபையும் நின்றுவிட்டது. போனில் பார்த்தால், பராமரிப்பு நடக்கிறது, ஒரு நிமிடம் கழித்து வாருங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும். காலையில் அந்த வரி போய், தளத்தில் கடும் பிழை என்று வருகிறது. லாகின் பக்கமும் அப்படியே.

ஆவணி முகூர்த்தத்துக்கு மூன்று பட்டுப்பாய் ஆர்டர் இருக்கிறது. கோரையை ஊறவைத்து, கீறி, சாயம் ஏற்றியாகிவிட்டது. உம்மா தறி முன்னால் உட்கார்ந்து பெயருக்காகக் காத்திருக்கிறார். ண, ன ஒரு எழுத்து மாறி நெய்துவிட்டால் பிறகு திருத்த முடியாது, அதனால் நினைவில் இருப்பதை வைத்துச் சொல்லவும் பயமாக இருக்கிறது. அவர்கள் போன் நம்பரும் தளத்துக்குள்தான். சர்வரை நிர்வகிக்கும் சிபேனலின் பாஸ்வேர்டு என்னிடம் உண்டு. எங்கே தொடங்குவது?

நெட்வேலை:
எந்தப் பிளகின் என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பிளகின்ஸ் ஃபோல்டரில் இருப்பதை எல்லாம் டெலீட் செய்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

அம்பை அண்ணாச்சி:
தங்கச்சி, எதையும் டெலீட் செய்யாதீங்க. ஃபோல்டரை அழிப்பதோடு நின்றால் ஆர்டர் விவரங்கள் இருக்கும் டேட்டாபேஸுக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பிளகினின் பழைய ஜிப் கையில் இருக்கிறதா என்று தெரியாமல் இருக்கிற ஒரே பிரதியை ஏன் அழிக்க வேண்டும்? அப்புறம், தளம் திறந்தபின் டாஷ்போர்டிலிருந்து டெலீட் கொடுத்தால் அது வேறு கதை. சில பிளகின்கள் போகும்போது தாங்கள் சேர்த்துவைத்த தகவலையும் துடைத்துவிட்டுப் போகும். டீஆக்டிவேட் செய்து நிறுத்திவைப்பது வேறு, டெலீட் வேறு.

முதலில் பெயர்கள். தளம் திறக்கும் வரை உம்மாவைக் காக்கவைக்க வேண்டாம். சிபேனலில், டேட்டாபேஸைப் பார்க்க உதவும் பிஎச்பி மைஅட்மின் திறந்து, உங்கள் டேட்டாபேஸில் வூகாமர்ஸ்_ஆர்டர்_ஐட்டம்மெட்டா என்று முடியும் டேபிளைப் பாருங்கள். ஆர்டரில் உள்ள ஒவ்வொரு பொருளோடும் சேர்ந்த விவரம் அதில்தான் உட்காரும். இந்த மாதிரிப் பிளகின்கள் பெரும்பாலும் வாடிக்கையாளர் தட்டிய பெயரை அங்கேதான் எழுதும். கடைசிப் பக்கத்துக்குப் போய் கீழிருந்து மேலே படியுங்கள். எதையும் மாற்ற வேண்டாம், பார்த்து எழுதிக்கொண்டால் போதும்.

அடுத்து, நீங்கள் பார்த்த இரண்டு செய்தியும் வேறு வேறு. அப்டேட் ஓடும்போது வேர்ட்பிரஸ், தளத்தின் மேல் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் மெயின்டனன்ஸ் என்ற கோப்பை வைக்கும். வேலை முடிந்ததும் தானே எடுத்துவிடும். நடுவில் அறுந்துபோனால் கோப்பு கிடக்கும், ஆனால் 10 நிமிடம் கடந்தால் வேர்ட்பிரஸ் அதைக் கண்டுகொள்ளாது. அதனால்தான் அந்த வரி தானாகப் போயிற்று. காலையில் வந்ததுதான் உண்மையான கோளாறு. 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து இப்படி ஒரு பிளகின் தளத்தைச் சாய்த்தால், எது என்று சொல்லி, உள்ளே நுழைய ஒரு லிங்க்கோடு நிர்வாகியின் மெயிலுக்குக் கடிதம் போகும். ஸ்பாமையும் சேர்த்துப் பாருங்கள்.

கோரைவீடு:
அண்ணாச்சி, பெயர்கள் கிடைத்துவிட்டன! மூன்று ஆர்டரும் அந்த டேபிளில் தமிழிலேயே இருக்கின்றன. ஒன்றில் கண்ணன் என்பதற்குக் கன்ணன் என்று அவர்களே தட்டியிருக்கிறார்கள், அதை மட்டும் கேட்டு உறுதி செய்ய வேண்டும். மற்ற இரண்டையும் பெரிய எழுத்தில் தாளில் எழுதி உம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

மெயில் எனக்கு வரவில்லை. தளத்தை அமைத்துக் கொடுத்த பையனின் முகவரிதான் இன்னும் நிர்வாகி மெயிலாக இருக்கிறது என்று நினைக்கிறேன். அவன் இப்போது வெளிநாட்டில்.

பாளை சர்வர்:
மெயில் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. பிழையை ஒரு கோப்பில் பதிய வைக்கலாம். தளத்தின் அமைப்புகள் இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பைத் திறந்து டபிள்யூபி_டீபக், டபிள்யூபி_டீபக்_லாக் இரண்டையும் ட்ரூ ஆக்குங்கள். டபிள்யூபி_டீபக்_டிஸ்ப்ளே மட்டும் ஃபால்ஸ், இல்லாவிட்டால் பிழை எல்லாம் வாடிக்கையாளர் கண்ணில் படும். தளத்தை ஒருமுறை திறந்துவிட்டு, டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரில் புதிதாக வந்திருக்கும் டீபக்.லாக் கோப்பின் கடைசி வரிகளை இங்கே சொல்லுங்கள். வேர்ட்பிரஸும் பிளகின்களும் எழுதப்பட்டிருக்கும் மொழி பிஎச்பி, சிபேனலில் அதன் பதிப்பு என்ன என்றும் பாருங்கள்.

கோரைவீடு:
பெயர் வாங்கும் பிளகினின் ஃபோல்டரைக் காட்டுகிறது. பார்ஸ் எரர், எதிர்பாராத இடத்தில் செங்குத்துக் கோடு, அங்கே வேரியபிள் வர வேண்டும் என்கிறது. பிஎச்பி 7.4.

பாளை சர்வர்:
அப்படியானால் கரண்ட் மேல் பழி இல்லை. பாதி இறங்கிய கோப்பாக இருந்தால், கோப்பே இல்லை என்றோ எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்றோ லாக் சொல்லியிருக்கும். இங்கே கோப்பு முழுதாக இருக்கிறது. அதை எழுதியிருக்கும் மொழிதான் உங்கள் சர்வருக்குப் புரியவில்லை. ஒரு ஃபங்ஷனுக்குள் வருவது எண்ணாகவும் இருக்கலாம், எழுத்தாகவும் இருக்கலாம் என்று நடுவில் செங்குத்துக் கோடு போட்டு எழுதும் முறை, 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8.0-இல்தான் நுழைந்தது. 7.4-க்கு அது பிழை.

எனக்கு வேண்டிய பிஎச்பி இது என்று பிளகின் தன் தலைப்பில் எழுதியிருந்தால், வேர்ட்பிரஸே அப்டேட்டைத் தடுத்திருக்கும். உங்கள் பிளகினில் அந்த வரி விடுபட்டிருக்க வேண்டும். விற்றவர்களுக்கு அதைக் கட்டாயம் எழுதுங்கள், உங்களைப் போல இன்னும் எத்தனை கடைகள் விழுந்திருக்குமோ.

இப்போதைக்கு அந்த ஒரு ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றுங்கள், கடைசியில் ஒரு எழுத்து சேர்த்தால் போதும். தளம் எழுந்துவிடும். டாஷ்போர்டில் பிளகின்ஸ் பக்கத்தைத் திறந்ததும் வேர்ட்பிரஸ் அதைக் காணோம் என்று டீஆக்டிவேட் செய்யும். அமைப்புகள் அப்படியே இருக்கும். ஆனால் பெயர் கேட்கும் கட்டம் பொருள் பக்கத்தில் இருக்காது, எனவே கல்யாணப் பாயை மட்டும் ஸ்டாக் இல்லை என்று போட்டுவையுங்கள்.

கோரைவீடு:
தளம் வந்துவிட்டது! கண்ணன் வீட்டுக்கும் பேசிவிட்டேன், மூன்று சுழி ண்தான். பிஎச்பியை இப்போதே 8-க்கு மாற்றிவிடலாமா?

அம்பை அண்ணாச்சி:
மாற்றத்தான் வேண்டும். 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2022 நவம்பரோடு நின்றுபோயிற்று. ஆனால் இன்றைக்கே வேண்டாம் தங்கச்சி. எத்தனையோ கடைத் தளங்கள் விழுவது இந்த இடத்தில்தான். புதிய பிளகினுக்கு 8 வேண்டும், பல வருடமாக அப்டேட் காணாத பிளகின் ஒன்று உள்ளே இருந்தால் அதற்கு 8 ஆகாது. பழைய ஆட்கள் நிறையப் பயன்படுத்திய க்ரியேட்_ஃபங்ஷன் என்ற பிஎச்பி கட்டளையை 8.0-இல் எடுத்தேவிட்டார்கள். 7.4-இல் அது முனகிக்கொண்டே ஓடும், 8-இல் தளத்தையே நிறுத்தும்.

உங்கள் 14-ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து கடைசி அப்டேட் எப்போது என்று பாருங்கள். பிறகு சோதனைக்காகத் தளத்தின் நகல் ஒன்று, அதாவது ஸ்டேஜிங் பிரதி, எடுத்து அதில் பிஎச்பியை மாற்றுங்கள். சர்வரின் சிபேனலிலேயே அதற்கு வசதி இருக்கலாம். பிரதியில் மெயில் போவதை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நான் ஒரு முறை மறந்து, பழைய ஆர்டர்காரர்களுக்கெல்லாம் இரண்டாம் தடவை மெயில் போய், நாள் முழுக்கப் போன் எடுத்துப் பதில் சொன்னேன்.

பாளை சர்வர்:
இன்னொன்று. அப்டேட்டை ஒன்றொன்றாகச் செய்யுங்கள். முதலில் கோப்புகளும் டேட்டாபேஸும் சேர்ந்த பேக்கப், பிறகு ஒரு பிளகின், பிறகு ஒரு சோதனை ஆர்டரைப் பணம் கட்டும் பக்கம் வரை போட்டுப் பார்ப்பது, அப்புறம் அடுத்தது. முகப்புப் பக்கம் திறந்தால் எல்லாம் சரி என்று விட்டுவிடாதீர்கள், கடையில் உடைவது பெரும்பாலும் பணம் கட்டும் இடத்தில்தான். ஏதாவது கோளாறு என்றால் இலவசப் பிளகின்களின் முந்தைய பதிப்பை வேர்ட்பிரஸ் தளத்தில் அந்தப் பிளகின் பக்கத்தின் அட்வான்ஸ்டு வியூவில் எடுக்கலாம். வாங்கிய பிளகினுக்கு அந்த வசதி இல்லை, ஒவ்வொரு ஜிப்பையும் பதிப்பு எண்ணோடு நீங்களே சேர்த்துவைக்க வேண்டும்.

கோரைவீடு:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். அண்ணாச்சி சொன்னது போலவே ஒன்று மாட்டியது. முகப்பில் பாய்ப் படங்களை நகர்த்தும் பிளகின், கடைசி அப்டேட் 2017. ஸ்டேஜிங்கில் பிஎச்பியை மாற்றியதும் அதே க்ரியேட்_ஃபங்ஷன் பிழை. அதை எடுத்துவிட்டுப் படங்களை வேர்ட்பிரஸின் சொந்த கேலரியில் வரிசையாக வைத்தேன், பக்கம் முன்பைவிடச் சீக்கிரம் திறக்கிறது. நேற்று இரவு உண்மையான தளத்திலும் பிஎச்பியை மாற்றி, பெயர்ப் பிளகினின் ஃபோல்டரைப் பழைய பெயருக்குக் கொண்டுவந்து ஆக்டிவேட் செய்தேன். மீதி அப்டேட்களையும் ஒவ்வொன்றாக முடித்தேன். கண்ணன் என்ற பெயரிலேயே சோதனை ஆர்டர் போட்டேன், மூன்று சுழியோடு சரியாக வந்தது. டீபக்கையும் அணைத்துவிட்டேன்.

நிர்வாகி மெயிலை என் முகவரிக்கு மாற்றக் கொடுத்தேன், உறுதி செய்யும் லிங்க் எனக்கே வந்தது, அழுத்திவிட்டேன். பிளகின் விற்றவர்களுக்கும் எழுதியிருக்கிறேன், பதில் வந்தால் இங்கே போடுகிறேன். முதல் பாயில் உம்மா பெண்ணின் பெயரை நெய்து முடித்துவிட்டார்.