பல் விழும் கனவும் நாலரை மணிக் குழாயும்

சயானிலிருந்து

பல் கொட்டுவது போல் கனவு வருகிறது, ஊரில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று நேற்று இங்கே ஒரு தங்கை எழுதிக் கேட்டிருந்தார். அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஒரு மழைக்காலம் முழுக்க அதோடுதான் படுத்து எழுந்தேன். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்து மும்பை தாராவிக்கு வந்தவள். எங்கள் சந்துக் குழாயில் விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் வரும். குடமும் டிரம்மும் வரிசையில் இருக்க, பாதித் தூக்கத்தில் எழுந்து வந்த பெண்கள் அங்கேதான் ஆச்சியிடம் பலன் கேட்பார்கள். பாம்பு துரத்தினால் கடன் நெருக்குகிறது, கடித்துவிட்டால் பீடை விட்டது. கல்யாணம் கண்டால் துக்கம், சாவு கண்டால் நல்ல சேதி. மலத்தை மிதித்தால் காசு வரும். தெளிந்த தண்ணீர் நல்லது, கலங்கிய தண்ணீர் நோய். விடியக் கண்ட கனவு சீக்கிரம் பலிக்கும் என்பாள். முதல் சாமத்துக் கனவுக்கு ஓராண்டு, இரண்டாம் சாமத்துக்கு 8 மாதம், மூன்றாவதுக்கு 3 மாதம், கடைச் சாமத்துக்கு 10 நாள் என்று பழைய பாட்டிலேயே கணக்கு இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விடியற்காலைக் கனவு மட்டும் ஏன் அப்படி மனதில் ஒட்டிக்கொள்கிறது என்பதையும் பின்னால் படித்தேன். மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடும் ஒரு தூக்கநிலை உண்டு. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1953-இல் அதை எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வந்துபோகும் அந்த நிலை, விடிய விடிய நீண்டுகொண்டே போகும். அந்த நேரம் பார்த்துக் குழாய்ச் சத்தம் எழுப்பினால் கனவும் கூடவே எழுந்து வரும்.

கெட்ட கனவை மட்டும் ஆச்சி மனுஷரிடம் சொல்ல விடமாட்டாள். ஓடுகிற தண்ணீரிடம்தான் சொல்லணும். தாராவியில் ஆற்றுக்கு எங்கே போவது? குழாய்க்குக் கீழே கையைக் குவிப்பாள். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தோட, உதடு மட்டும் அசையும். மூன்று முறை வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் குடத்தை வைப்பாள். பின்னால் நிற்கிற யாரும் அவளை அவசரப்படுத்தியதில்லை.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு பெருகிவிட்டது. எனக்கு அப்போது 11 வயது. சாக்கடை கலந்த கறுப்புத் தண்ணீர் வாசல்படி தாண்டி, அடுப்பு தாண்டி, கட்டில் வரை ஏறியது. எங்கள் வீட்டில் மேல் அறைக்குப் போக இரும்பு ஏணி உண்டு. அதில் ஏறி ராத்திரி முழுக்க மேலேயே ஒடுங்கிக் கிடந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு எனக்குக் கனவு தொடங்கியது. கதவுக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு வரும். நான் கீழே படுத்திருப்பேன், எழுந்திருக்க முடியாது.

ஆச்சியின் கணக்குப்படி கலங்கிய தண்ணீருக்குப் பலன் நோய். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு, யாரெல்லாம் இருந்தா, விளக்கு எரிஞ்சுதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, “இது வரப்போறது இல்ல மக்கா, வந்துட்டுப் போனது. அடுத்த தடவ வந்தா நீ ஏணியில ஏறிரு. பகல்ல ரெண்டு தடவ ஏறிப் பாத்து வச்சுக்கோ” என்றாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன், இறங்குவேன். ஒரு மாதம் கழித்துக் கனவிலும் ஏறினேன். கைப்பிடியின் துரு உள்ளங்கையில் உறுத்தியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் அந்தக் கனவு அடிக்கடி வரவில்லை. கொடுங்கனவுகளின் முடிவை மாற்றி எழுதி, அதைப் பகலில் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கச் சொல்லும் சிகிச்சை இருப்பதாக வெகுநாள் கழித்துப் படித்தபோது அழுதுவிட்டேன். ஆச்சி அப்போது உயிரோடு இல்லை.

இப்போது பல். வீட்டுக் கடன் தவணை தொடங்கிய வருஷம் அது. உள்ளங்கையில் ஒவ்வொரு பல்லாக உதிரும், சுண்டைக்காய் அளவில். மேல் பல் விழுந்தால் பெரியவர்களுக்கு ஆகாது என்பார்களே! தினமும் ஊருக்கு போன் போட்டு, அம்மா குரலைக் கேட்ட பிறகுதான் டீ குடிப்பேன். ராத்திரியில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறாய் என்று வீட்டுக்காரர்தான் சொன்னார். பல் டாக்டரிடம் போனேன். கடைவாய்ப் பல் தேய்ந்திருப்பதைக் கண்ணாடியில் காட்டி, இரவில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து கொடுத்தார். தாடைவலி போனது, கனவும் குறைந்தது. பல் கனவு மன உளைச்சலைவிட, விழிக்கும்போது பல்லிலும் ஈறிலும் இருக்கும் இறுக்கத்தோடுதான் அதிகம் சேர்ந்து வருகிறது என்று 2018-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தங்கை, அம்மாவுக்கு போன் போடுங்கள், அது எப்போதும் நல்லது. காலையில் எழுந்ததும் தாடை வலிக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐரோலி, நைட் ஷிப்ட்

எனக்கு அமுக்குவான். காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். கண் திறந்திருக்கும், ஃபேன் சுற்றுவது தெரியும், விரல்கூட அசையாது. அறையில் கூட இருக்கும் அண்ணனைக் கூப்பிடக் குரல் வராது. அம்மா தலையணைக்கடியில் இரும்புச் சாவி வைக்கச் சொன்னாங்க, வைத்தேன். கம்பெனி டாக்டர் விளக்கினார்: கனவு காணும்போது உடம்பு எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை தசைகளைக் கட்டிப் போடுமாம். சில சமயம் கட்டு அவிழ்வதற்குள் விழிப்பு வந்துவிடும். ஷிப்ட் மாறி மாறி வருகிறவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வருமாம். இப்போது ஒருக்களித்துத்தான் படுக்கிறேன். சாவியும் இருக்கிறது, அதை எடுக்க மனசு வரவில்லை.

செம்பூர்

நீங்கள் எல்லாரும் எழுதியதால் நானும் சொல்கிறேன். 2021 ஏப்ரலில் என் வீட்டுக்காரர் போனார். ஆம்புலன்ஸில் ஏற்றியபோது பார்த்ததுதான். முகத்தைக்கூடக் காட்டவில்லை, மகன் மட்டும் தூர நின்று பார்த்துவிட்டு வந்தான். மூன்றாம் மாதத்திலிருந்து கனவில் வர ஆரம்பித்தார். கதவுப் பக்கம் நின்று, “சாப்பாடு இருக்கா?” என்று கேட்பார். அவ்வளவுதான். ஆன்மா அலைகிறது, பரிகாரம் செய்யணும் என்று ஒரு ஜோசியர் 15,000 ரூபாய் கேட்டார். பசியோடு அலைகிறார் என்று அந்த ஆள் சொன்ன சொல்தான் என்னை இரண்டு வாரம் சோறு இறங்காமல் செய்தது. பயந்தவர்களிடம் இப்படிப் பேசுவது பெரிய பாவம், அதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

அவர் தமிழ் வாத்தியார். கனவுக்கென்றே திருக்குறளில் ஓர் அதிகாரம் இருக்கிறது என்பார். காதலரின் தூதோடு வந்த கனவுக்கு நான் என்ன விருந்து வைப்பேன் என்று அதன் முதல் குறளில் பிரிந்திருக்கும் தலைவி கேட்கிறாள். அந்த அமாவாசைக்கு அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பும் அப்பளமும் செய்து ஜன்னல் கம்பி மேல் வைத்தேன். காக்கா வந்தது. நானும் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு அவர் வரவில்லை. நல்லது என்கிறார்கள். எனக்குத்தான் ராத்திரி படுக்கும்போது, இன்றைக்காவது வரமாட்டாரா என்று இருக்கிறது.

சயானிலிருந்து

அக்கா, சனிக்கிழமை நான் செம்பூர் வருகிறேன். கதவுப் பக்கம் நின்றபோது என்ன சட்டை போட்டிருந்தார், கையில் ஏதாவது வைத்திருந்தாரா, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லுங்கள்.