ஐடிஎஸ் சீக்வென்ஸில் இரட்டைப் பீக்: காரங்காட்டுக் கட்டைப் பூஞ்சைகள்

உப்பாத்தி:
காரங்காடு அலையாத்திக் காட்டுச் சேற்றில் கிடந்த வெண்கண்டல் கட்டையில் வந்த பூஞ்சை. இனம் காண ஐடிஎஸ் (ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையிலுள்ள டிஎன்ஏ பகுதி) பிசிஆரில், அதாவது டிஎன்ஏவைப் பல மடங்காக்கும் முறையில், பெருக்கினேன்; ஐடிஎஸ்1எஃப், ஐடிஎஸ்4 பிரைமர் (பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு). ஜெல்லில் ஒரே பேண்ட் (டிஎன்ஏ பட்டை), நீளம் சுமார் 600 பேஸ் (டிஎன்ஏ எழுத்து). சீக்வென்ஸ் (எழுத்து வரிசை) 180ஆம் எழுத்து வரை தெளிவு, அதற்கு மேல் எங்கு பார்த்தாலும் இரண்டிரண்டு பீக் (எழுத்தைக் காட்டும் முகடு). எதிர்ப்பக்கமிருந்து படித்தால் அதே இடத்தை எட்டும்வரை தெளிவு. கல்ச்சரில் (வளர்த்த பூஞ்சையில்) வேறு பூஞ்சை கலப்பா?

மண்டபம் பூஞ்சையார்:
இரண்டு பக்கமும் ஒரே புள்ளியில் கலங்குகிறதே, அதுதான் துப்பு. ஐடிஎஸ் அடங்கிய ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுத் தொகுதி ஒரு பூஞ்சைக்குள் பத்துகளில் தொடங்கிச் சிலவற்றில் ஆயிரம் பிரதிக்கு மேலும் இருக்கும். சில பிரதிகளில் ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ, அங்கிருந்து இரண்டு வரிசையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். வேறு வேறு பூஞ்சை கலந்திருந்தால் பெரும்பாலும் ஐடிஎஸ்1 (ஐடிஎஸ்ஸின் முதல் பகுதி) தொடங்கியதுமே குழம்பியிருக்கும்.

ஆனால் அந்தப் புள்ளியில் ‘டி’ எழுத்து 9, 10 தொடர்ந்து வருகிறதா பாருங்கள். வந்தால் பிசிஆரில் என்சைம் நழுவியதாகவும் இருக்கலாம்.

எப்படியானாலும் முதலில் ஒற்றை வித்துப் பிரிப்பு. பாதி கடல்நீர், பாதி நன்னீர், 2 சதவீத வெற்று அகார் (சத்துச் சேர்க்காத கூழ்), பாக்டீரியாவை அடக்கக் கொஞ்சம் குளோராம்பெனிகால். முளைத்த வித்து ஒன்றை மட்டும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வெட்டியெடுங்கள். அவசரத்தில் பக்கத்து வித்தும் சேர்ந்துவிட்டால் வேலை முழுக்க வீண்.

தொண்டிக்காரன்:
அதிலும் இரட்டை வந்தால் குளோனிங் (பெருக்கிய டிஎன்ஏ துண்டுகளைத் தனித்தனி பாக்டீரியாக் காலனிகளில் பிரித்தெடுப்பது). 10 காலனியாவது எடுங்கள், பிழை திருத்தும் பாலிமரேஸ் (பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுக்கும் என்சைம்) போடுங்கள். பிழை திருத்தாத சாதா டாக் பாலிமரேஸ் என்றால் ஒரே குளோனில் மட்டும் தெரியும் ஓரெழுத்து மாற்றத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கட்டையிலிருந்து நேரடியாக டிஎன்ஏ எடுப்பவர்களுக்கு: சுரபுன்னைப் பட்டையின் டானின் (துவர்ப்புப் பொருள்) பிசிஆரையே நிறுத்திவிடும். டிஎன்ஏ பிரிக்கும் சிடாப் கரைசலில், டானினைப் பிடித்துக்கொள்ள 2 சதவீதம் பிவிபி சேருங்கள். டிஎன்ஏ பழுப்பாக வந்தால் பத்தில் ஒன்றாக நீர்த்து ஓட்டுங்கள்.

உப்பாத்தி:
‘டி’ நான்குதான். ஒற்றை வித்துக் காலனியிலும் அதே இரட்டை. குளோனில் 6 ஒரு வகை, 4 இன்னொரு வகை. பக்கத்து ரைபோசோம் மரபணுவான 28எஸ் சுத்தமாக வந்தது.

மண்டபம் பூஞ்சையார்:
அப்போது பிரதி வேறுபாடுதான். ஃபியூசேரியம் என்ற பூஞ்சைப் பேரினத்தில் ஐடிஎஸ்2 (ஐடிஎஸ்ஸின் இரண்டாம் பகுதி) இரண்டு வகை இருப்பது பழைய சங்கதி. அங்கே இனம் சொல்ல டெஃப்1 மரபணு பாருங்கள், ஆஸ்பர்ஜில்லஸ் பேரினத்துக்குக் கால்மோடுலின் மரபணு. இரண்டு வரிசையையும் தரவுத்தளத்தில் பதியும்போது ஒரே ஸ்ட்ரெய்ன் (தனி வளர்ப்பு) எண் போடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வருபவர் இரண்டு இனம் என்று எண்ணிவிடுவார்.