நைனாவோட விரல் கரண்ட் வச்சா விரியுது, நிறுத்தினா மூடிக்குது. மெஷின் வாங்கலாமா?

காசிமேட்டுப் பொண்ணு:
நைனாவுக்கு 61 வயசு. ஸ்ட்ரோக் வந்து 4 மாசம் ஆவுது, வலது பக்கம். பேச்சு தெளிஞ்சிடுச்சு, சுவத்தைப் புடிச்சிக்கினு பாத்ரூம் வரைக்கும் போயிடறார். கைதான் வரல. விரல் அஞ்சும் உள்ள மடங்கியே கிடக்கு, நகம் பதிஞ்சு உள்ளங்கையில தழும்பு. 40 வருஷம் கிழிஞ்ச வலையெல்லாம் தைச்ச கை அது.

போன வாரம் பிசியோ முன்கையோட வெளிப்பக்கம் 2 பேட் ஒட்டி கரண்ட் வச்சாங்க. எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னார். கொஞ்சம் ஏத்தினதும் மணிக்கட்டு மெதுவா மேல எழும்பி ஒவ்வொரு விரலா பிரிஞ்சுது, மோதிர விரல் கடைசியா. உள்ளங்கையை முழுசா பார்த்து எவ்ளோ நாளாச்சு! நைனா அழுதுட்டார். மெஷினை நிறுத்தினதும் பழையபடி மூடிக்கிச்சு.

தினம் ஆட்டோ வச்சி கூட்டிட்டுப் போக முடியல. கடையில வலிக்கு வைக்கிற டென்ஸ் மெஷினைக் காட்டி, ரெண்டும் ஒண்ணுதான்றாங்க. வாங்கலாமா? கை நெசமா திரும்புமா?

தண்டையார்பேட்டை பிசியோ:
ஒண்ணு இல்லம்மா, அவசரப்படாதீங்க. டென்ஸ் வலியைக் குறைக்க. அப்பாவுக்கு வச்சது தசையைச் சுருங்க வைக்கிற கரண்ட். அவர் கையில தசையும் நரம்பும் நல்லாத்தான் இருக்கு, மூளையிலிருந்து வர்ற உத்தரவுதான் சரியா வந்து சேரல. கரண்ட் அந்த நரம்பை நேரா தூண்டி விரலைத் திறக்குது. பெரும்பாலும் 30-லேருந்து 50 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு அத்தனை துடிப்புன்னு வைப்போம், சில செகண்ட் ஓடும், சில செகண்ட் ஓய்வு. ஓய்வு இல்லன்னா தசை சீக்கிரம் சோர்ந்துடும்.

நிறுத்தினா மூடிக்குதேன்னு மனசு விடாதீங்க, ஆரம்பத்துல அப்படித்தான். சும்மா படுக்க வச்சு கரண்ட் மட்டும் விட்டா பலன் கம்மி. கரண்ட் ஏறுற அதே நேரத்துல அவரும் திறக்கணும்னு முழு மூச்சா முயற்சி பண்ணணும். திறந்த கையில ஒரு பொருளைப் புடிச்சு, விட்டு, திரும்பப் புடிக்கணும். மூளை கத்துக்கறது அங்கதான். பழையபடி முழுசா வந்துடும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். தானா கொஞ்சமாவது விரல் அசைஞ்சா நம்பிக்கை அதிகம்.

பேஸ்மேக்கர் இருந்தா வைக்கவே கூடாது. வலிப்பு வந்திருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான். பேட் ஒட்டற இடத்தை பிசியோவே பேனாவால குறிச்சுத் தரட்டும். உள்பக்கம் ஒட்டிட்டா முஷ்டி இன்னும் இறுகும்.

வியாசர்பாடி அக்கா:
எங்கம்மாவுக்கு ஒரு வருஷம் பண்ணோம் கண்ணு. பேட்ல பசை போனதைப் பார்க்காம ஒட்டி, தோல் செவந்து கொப்புளம் வந்துடுச்சு. உணர்ச்சி கம்மியான கை, அம்மாவுக்குச் சுட்டதே தெரியல. தினம் துடைச்சிட்டு ஒட்டு, எடுத்ததும் தோலைப் பாரு. சட்டை போடும்போது அந்தக் கையைப் புடிச்சு இழுக்காத, தோள் மூட்டு எறங்கிடும். நகர்ப்புற சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம்னு கேளு, 2021-ல ஆரம்பிச்சது, வீட்டுக்கே பிசியோ வர்றாங்க. அம்மாவுக்குத் தலை பின்ன இன்னும் வரல. டம்ளரை எடுத்து வைக்கறாங்க.

காசிமேட்டுப் பொண்ணு:
ரொம்ப நன்றி சார், நன்றிக்கா. டென்ஸ் வாங்கல. இன்னிக்கு பிசியோகிட்ட கேட்டு, கரண்ட் ஏறினப்போ நைனா கையில வலை ஊசியை வச்சேன். ரெண்டு வாட்டி கீழ விழுந்துச்சு. மூணாவது வாட்டி கட்டை விரல் அதும்மேல தானா வந்து உக்காந்துச்சு.