கடற்பாசி காயவைக்கும் களத்தில் ராஸ்பெர்ரி பை கேமரா: அமைப்புகளை நிரலிலேயே நிலைப்படுத்துவது எப்படி?

வடகடல் (மண்டபம்) – கேள்வி

வணக்கம். எங்கள் குழுவினர் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கடற்பாசியைக் கரையில் வலை விரித்துக் காயவைக்கிறோம். அது காயக்காய நிறம் மாறுவதை நாளுக்கு நாள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ராஸ்பெர்ரி பை 4 கணினியில் கேமரா மாட்யூல் 3-ஐ இணைத்துக் கம்பத்தில் பொருத்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும்படி க்ரான் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் வசதி) வழியாகப் பைத்தான் நிரலை இயக்குகிறேன். பைகேமரா என்ற பழைய பைத்தான் நூலகத்துக்கு எழுதிய நிரலொன்றிலிருந்த ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் (ஒளி படும் நேரம்) 20000 என்ற மதிப்புகளை அதன் புதிய வடிவமான பைகேமரா2-க்குக் கொண்டுவர முயன்றால், ஐஎஸ்ஓ என்ற பெயரையே அது ஏற்பதில்லை; ஷட்டருக்கு ஈடான எக்ஸ்போஷர்டைமை மட்டும் 20000 என்று கொடுத்தால் படம் முழுவதும் வெளுத்துப்போகிறது. அதையும் எடுத்துவிட்டால் வெளிச்சம் ஓரளவு சரியாக இருக்கிறது, ஆனால் அதே பாசி ஒரு படத்தில் பச்சையாகவும் அடுத்த படத்தில் பழுப்பாகவும் தெரிகிறது. காக்கை குறுக்கே வந்தால் ஃபோகஸும் தவறிவிடுகிறது. எவற்றை நிரலில் நிலையாக எழுத வேண்டும்?

தென்கடல் (பாம்பன்)

ஐஎஸ்ஓ-வின் இடத்தில் இப்போது இருப்பது அனலாக்கெயின் (சென்சார் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு, சுருக்கமாகக் கெயின்). கேமரா மாட்யூல் 3-இல் அதன் அடிமட்டம் ஏறத்தாழ 1.12; 1.0 என்று கொடுத்தாலும் அந்த அடிமட்டமே அமையும். எக்ஸ்போஷர்டைம் மைக்ரோவிநாடியில் கொடுக்கப்படுவதால், 20000 என்பது ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அது அறைக்குள் எடுப்பதற்கான அளவு. இந்தக் கேமராவின் லென்ஸ் துளை எஃப் 1.8 என்ற அகலமான அளவிலேயே நிலைத்திருப்பதால், உச்சிவெயிலில் வெண்மணலைப் பார்க்கும்போது கெயின் 1.0-க்கு நூறு, நூற்றைம்பது மைக்ரோவிநாடியே போதும். நேரத்தை மட்டும் கொடுத்தால் கெயின் தானியங்கியாகவே இருக்கும் என்பதையும், அடிமட்டத்துக்குக் கீழே இறங்க அதற்கு வழியில்லை என்பதையும் கவனியுங்கள். வெளுப்புக்குக் காரணம் அதுதான்.

நிறம் மாறுவது வெண்சமநிலையின் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறங்களைச் சரிசெய்வதன்) வேலை. பாசி படத்தை நிறைக்கும்போது தானியங்கிக் கணிப்பு எளிதில் ஏமாந்துவிடும். வெயில் தெளிவாக உள்ள நேரத்தில் ஒரு வெள்ளைப் பலகையைக் காட்டிப் படமெடுத்து, கேப்சர் மெட்டாடேட்டா அழைப்பு (படம் எடுத்த அமைப்புகளின் விவரத்தைத் தருவது) திருப்பித் தரும் கலர்கெயின்ஸ் என்ற நிறப்பெருக்க இணையைக் (முதலில் சிவப்பு, அடுத்து நீலம்) குறித்துக்கொண்டு, அதையே நிரலில் எழுதிவிட்டால் தானியங்கி வெண்சமநிலை நின்றுவிடும். ஃபோகஸுக்கு ஏஎஃப்மோடை (ஃபோகஸ் முறை) மேனுவலாக்கி, லென்ஸ்பொசிஷனில் மீட்டரிலுள்ள தொலைவின் தலைகீழ் மதிப்பைக் கொடுங்கள்: களம் இரண்டு மீட்டர் தள்ளியிருந்தால் 0.5.

எக்ஸ்போஷரை நான் நிலைப்படுத்த மாட்டேன். காலைக்கும் நண்பகலுக்கும் வெளிச்சம் பல மடங்கு வேறுபடும். தானியங்கி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர்வேல்யூவைச் சற்றுக் குறைத்து, மைனஸ் 0.5 அளவில் வைத்துத் தானியங்கியிடமே விட்டுவிடுங்கள். படத்தோடு மெட்டாடேட்டாவையும் சேமித்தால் பிறகு ஈடுசெய்துகொள்ளலாம்.

உப்பளம் (வாலிநோக்கம்)

கடைசிக் கருத்தில் மட்டும் நண்பரோடு உடன்பட இயலவில்லை. ஜேபெக் படத்தில் காமா வளைவும் (ஒளியளவை நேர்விகிதத்தில் அல்லாமல் மாற்றும் திருத்தம்) படத்துக்குப் படம் மாறும் கான்ட்ராஸ்ட் திருத்தமும் ஏற்கெனவே ஏறியிருப்பதால், எக்ஸ்போஷர் நேரங்களின் விகிதத்தைக் கொண்டு அதை ஈடுசெய்ய முடியாது. அந்தக் கணக்கு ரா தரவில்தான் (சென்சார் தரும் திருத்தப்படாத தரவு) செல்லும். ஸ்டில் உள்ளமைவில் ரா ஓடையையும் கேட்டு டிஎன்ஜி என்ற ரா படக் கோப்பாகச் சேமிக்கலாம், ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் எஸ்டி அட்டை விரைவில் நிரம்பிவிடும். நிற ஒப்பீடுதான் நோக்கம் என்றால், காலை பத்து முதல் பிற்பகல் மூன்று வரையிலான படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கெயின் 1.0, நேரம் ஏறத்தாழ 120 என்று இரண்டையும் சேர்த்தே பூட்டிவிடுவது எளிது. மேகம் மறைத்த படங்கள் இருண்டுதான் இருக்கும். அவற்றைக் கழித்துவிட வேண்டியதுதான்.

வடகடல்

இருவருக்கும் நன்றி. ரா கோப்புகளுக்கு என்னிடம் இடமில்லை, ஆகவே பூட்டிப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: கேமராவைத் தொடங்கும் ஸ்டார்ட் அழைப்புக்குப் பிறகு, மதிப்புகளை அமைக்கும் செட்கண்ட்ரோல்ஸ் கொடுத்து உடனே படமெடுத்தால், மெட்டாடேட்டாவில் வேறு எண்கள் வருகின்றனவே?

தென்கடல்

புதிய மதிப்புகள் சென்சாருக்குப் போய்ச் சேரச் சில சட்டகங்கள் கழியும். உங்கள் நிரல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதால், மதிப்புகளை ஸ்டில் உள்ளமைவை உருவாக்கும் அழைப்பிலேயே கண்ட்ரோல்ஸ் என்ற அளவுருவாகக் கொடுத்துவிடுங்கள்; முதல் சட்டகத்திலிருந்தே நடைமுறைக்கு வரும். லென்ஸ் மட்டும் இயந்திர அசைவு என்பதால், தொடங்கியபின் ஒரு விநாடி பொறுத்து எடுப்பது நல்லது. நண்பர் சொல்லும் காமா விஷயம் சரிதான், நேரத்தையும் பூட்டுங்கள். வெள்ளைப் பலகையைக் களத்தின் ஓரத்திலேயே நிரந்தரமாக நட்டுவிட்டால், மேகம் மறைத்த படம் எது என்பதைப் பலகையின் ஒளியளவை வைத்து நிரலே கழித்துவிடும்.

உப்பளம்

பலகையோடு கேமராப் பெட்டியின் கண்ணாடியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கச்சான் (தென்மேற்குக்) காற்றுக் காலத்தில் அதன்மேல் உப்புப் படிந்து, படம் முழுவதும் மெல்லிய வெண்மை ஏறும். எந்த அமைப்பாலும் அதைத் திருத்த முடியாது. துணியால் வெறுமனே துடைத்தால் உப்புத்தூள் கீறல் போட்டுவிடும். முதலில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, அதன்பிறகு ஒற்றி எடுங்கள்.