ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் தேவை: நாகர்கோவில், தக்கலை வட்டாரம்

வணக்கம். என் தங்கையின் திருமணத்துக்கு ஆவணி வளர்பிறையில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. ஆனால் மண்டபம் அமையாததால், அழைப்பிதழ் அச்சிடுவது முதல் சமையற்காரருக்கு முன்பணம் கொடுப்பது வரை எல்லாமே நிற்கின்றன.

எங்கள் வீடு பார்வதிபுரத்தில், மாப்பிள்ளை வீடு தக்கலையில். ஏறத்தாழ 600 பேர் வருவார்கள். நாகர்கோவிலில் நாங்கள் விசாரித்த பெரிய மண்டபங்கள் எல்லாம் அன்றைக்கு முன்பதிவாகிவிட்டன. ஊருக்கு வெளியே ஒன்று கிடைத்தது; ஆனால் சாப்பாட்டுக்கூடம் மாடியில் இருக்கிறது, படிக்கட்டோ ஒருவர் இறங்கினால் ஏறுபவர் சுவரோடு ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம்தான். அடுத்த பந்திக்காக முதியவர்கள் அந்தப் படிகளில் காத்து நிற்பதை நினைக்கவே மனம் ஒப்பவில்லை. வீட்டு முற்றத்தில் பந்தல் போடலாம் என்றால், தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை நீடிக்கும் மாவட்டம் இது. மாப்பிள்ளையின் விடுமுறை ஆவணியோடு முடிவதால் நாளை மாற்றவும் வழியில்லை. கோயிலில் தாலி கட்டிவிட்டு விருந்தை மட்டும் வேறிடத்தில் வைத்துக்கொள்ள இரு வீட்டாருக்கும் சம்மதமே. ஓணமும் பெரும்பாலும் இதே மாதத்தில் வருவதால், தோவாளையில் பூ விலை ஏறுவதற்கு முன்பே இடத்தை முடிவு செய்தாக வேண்டும்.

பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை வழியில், தரைத்தளத்திலேயே ஒரு பந்திக்கு 200 பேர் அமரக்கூடிய சாப்பாட்டுக்கூடமும் வாகனம் நிறுத்தப் போதிய இடமும் உள்ள மண்டபம் எது?